கிளினிக் நாளுக்கும் பேர் போடு!



"பிள்ளைக்குச் சுகமாயிருச்சாம்" என்ற செய்தி ஒரு லயத்துக்கு வந்து சேர்ந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். கோயிலில் தேங்காய் உடைப்பார்கள். பக்கத்துக் காம்பராவில் இருந்து ஒரு கோப்பைப் பொங்கல் வரும். அதே செய்தி தோட்ட ஒபிசுக்கும் போகும். அங்கே அதற்கு வேறு அர்த்தம். அதுவரை "பாவம், புள்ளைக்கு வருத்தம்" என்று முகம் கொடுத்துக் கதைத்தவர்கள், "இனி என்ன? அதுதான் சுகமாச்சே, ஒழுங்கா வேலைக்கு வா" என்று சொல்லத் தொடங்குகிறார்கள். சுகம் என்ற ஒரு சொல்லை வைத்து ஒரு குடும்பத்தின் கணக்கையே மூடிவிடுகிறார்கள். புற்றுநோய் வந்து, மருந்தேற்றி, பிழைத்து வந்த பிள்ளைகளின் குடும்பங்களைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மகரகமவில் உள்ள அபேக்ஷா வைத்தியசாலை இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகளில் பலர் இன்று இல்லை. கூலிக்காரன் பிள்ளை, துரை பிள்ளை என்று பார்க்காமல் அங்கே மருந்து ஏற்றுகிறார்கள். மருந்துத் தட்டுப்பாடு வந்த காலங்களில் வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்ததும் உண்டு. அப்படியிருந்தும் இந்த நாட்டின் இலவச சுகாதாரம் எங்களுக்குக் கிடைத்த பெரிய உரிமை. அதை விட்டுக்கொடுக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்குப்படி வருடத்துக்குச் சுமார் 4 இலட்சம் பிள்ளைகளுக்கும் இளம் வயதினருக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் 100 பேரில் 80க்கு மேற்பட்டோர் பிழைக்கிறார்கள். வறிய நாடுகள் பலவற்றில் 30 பேர்கூட பிழைப்பதில்லை. 2030ஆம் ஆண்டுக்குள் உலகம் முழுவதும் 60 பேரையாவது காப்பாற்ற வேண்டும் என்று 2018இல் அந்த நிறுவனம் ஓர் இலக்கு வைத்தது.

எங்கள் பாட்டன் பாட்டி காலத்தில் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. "இரத்தம் சுண்டிப் போச்சு" என்று சொல்லிப் பிள்ளையைப் புதைத்துவிட்டு, கருமாதி முடிந்ததோ இல்லையோ பிரட்டுக்குப் போனார்கள். இன்று பிள்ளை பிழைக்கிறது. பிழைத்த பிள்ளையோடு எப்படிச் சீவிப்பது என்பது எங்களுக்கு வந்திருக்கிற புதுக் கேள்வி. கூட்டு ஒப்பந்தம் பேசியவர்களும் சரி, சம்பள நிர்ணய சபையில் உட்கார்ந்தவர்களும் சரி, இதை ஒரு கேள்வியாகவே எடுத்ததில்லை.

சுகம் என்றால் என்ன? பிள்ளைகளுக்கு அதிகமாக வருவது இரத்தப் புற்றுநோய். அதிலும் பெரும்பாலானவர்களுக்கு வரும் வகைக்கு மருந்து ஏற்றி, பிறகு குளிசை கொடுத்து முடிக்கவே இரண்டு, மூன்று வருடம் போகிறது. அது முடிகிற நாளைத்தான் நாங்கள் "சுகமான நாள்" என்று கொண்டாடுகிறோம். வைத்தியர்கள் அப்படிச் சொல்வதில்லை. மருந்தை நிறுத்திய நாள் என்றுதான் சொல்கிறார்கள். நோய் திரும்பி வருவதாக இருந்தால் அதற்குப் பிந்திய சில வருடங்களில்தான் கூடுதலாக வரும். அதனால் முதல் வருடம் அடிக்கடி இரத்தம் சோதிக்க வேண்டும். பிறகு மெதுவாக இடைவெளி கூடும். சில மருந்துகள் இருதயத்தைப் பலவீனப்படுத்தக் கூடியவை, அதற்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு இடுப்பு எலும்பு பழுதாகிறது. வளர்த்தி குறைகிறது, வயதுக்கு வருவது பிந்துகிறது. இதையெல்லாம் பல வருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே "சுகமாச்சே" என்று தோட்ட ஒபிஸ் சொல்வதும், "மாதம் ஒருமுறை கூட்டிக்கொண்டு வாங்க" என்று கிளினிக் சொல்வதும் ஒரே பிள்ளையைப் பற்றித்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். எங்கள் பாடசாலைக்கு வரும் ஒரு பிள்ளையின் குடும்பம். பெயரும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா முன்பு கவ்வாத்து வெட்டினார், இப்போது கொழும்பில் கட்டட வேலை. கிளினிக் காலையில். விடிய முன்னர் போய் நின்றால்தான் நேரத்துக்கு நம்பர் கிடைக்கும். முதல்நாள் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஓடிவந்து குளித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு த்ரீவீலில் ஹட்டனுக்கு. அங்கிருந்து இரவு பஸ்ஸில் கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று வளைந்து வளைந்து இறங்க வேண்டும். பிள்ளை வாந்தி எடுக்கும். மகரகமவில் இரத்தம் கொடுத்து, அறிக்கை வரும்வரை வாங்கில் காத்திருந்து, டொக்டரைப் பார்த்து, மறுபடி பஸ் பிடித்து வீடு வரும்போது ராத்திரி. அடுத்த நாள் காலை அந்தத் தாய் எழும்பி மலை ஏறுவாரா? ஆக ஒரு கிளினிக்குக்கு இரண்டு நாள் போகிறது.

2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபாய் ஊக்குவிப்புக் கொடுப்பனவு சேர்த்து, 1,750 என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கையே வைத்துக்கொள்வோம். இரண்டு நாளுக்கு 3,500 ரூபாய் இல்லாமல் போகிறது. மாதம் ஒரு கிளினிக் என்றால் வருடத்துக்கு 42,000. இதில் பஸ் காசு, த்ரீவீல், வழியில் சாப்பாடு எதுவும் இல்லை. அதோடு முடிவதுமில்லை. பேர் விழாத நாளுக்கு ஈ.பி.எப். இல்லை, ஈ.டி.எப். இல்லை. வருட லீவையும் வேலை செய்த நாட்களை எண்ணித்தான் தருகிறார்கள். ஒரு நாள் போகாமல் விட்டால் அந்த ஒரு நாளோடு போகாது, வால் நீண்டுகொண்டே வரும்.

அந்த 200 ரூபாயை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எடுங்கள், அது எங்கள் காசு. ஆனால் அதன் பெயரைப் பாருங்கள், வருகைக்கான ஊக்குவிப்பாம்! பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இரவு பஸ்ஸில் போகிற தாய் ஊக்கம் இல்லாமலா வேலைக்கு வரவில்லை? இந்த நாட்டு அரசாங்க வைத்தியசாலை கொடுத்த தேதியில் அரசாங்க வைத்தியசாலைக்குப் போனதற்காக அரசாங்கத்தின் கொடுப்பனவு வெட்டுப்படுகிறது. ஒரு கை கூப்பிடுகிறது, மறு கை அபராதம் போடுகிறது.

தோட்ட நிர்வாகத்திடம் கேட்டால் வரும் பதில்கள் எங்களுக்கு மனப்பாடம். "அனுதாபம் இருக்கு, ஆனா சட்டத்துல இல்லை." "ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க." எல்லாரும் கேட்பார்களா? யாராவது 200 ரூபாய்க்காகத் தன் பிள்ளைக்குப் புற்றுநோய் வந்ததாகச் சொல்வார்களா? ஒரு தோட்டத்தில் இப்படி எத்தனை குடும்பம் இருக்கும்? பல தோட்டங்களில் ஒன்றுகூட இருக்காது, சில தோட்டங்களில் ஒன்றோ இரண்டோ. முதல் வருடத்தின் 24 நாளுக்கும் 1,550 வீதம் போட்டாலும் 37,200 ரூபாய். கம்பனி கட்டும் ஈ.பி.எப். 12 வீதம், ஈ.டி.எப். 3 வீதம் சேர்த்தாலும் 43,000ஐத் தாண்டாது. அடுத்த வருடங்களில் கிளினிக் குறைய இதுவும் குறையும். 1992இல் தோட்டங்களைப் பொறுப்பெடுத்ததில் இருந்து "நட்டம், நட்டம்" என்று பாடுகிற கம்பனிகளும்கூட இந்தத் தொகையால் முறிந்து விழப் போவதில்லை.

சட்டத்தில் இல்லை என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. கொழுந்து எடுக்காத நாளுக்குத் தோட்டம் காசு கொடுத்ததே இல்லையா? பிள்ளைப்பேற்றுக்குக் கொடுக்கிறதே! 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நாட்கூலிப் பெண்ணுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. அன்றைக்கும் தோட்டம் அழிந்துவிடும் என்று யாராவது ஒரு துரை புலம்பியிருப்பார். தோட்டம் அழியவில்லை. பிள்ளை பிறப்பதற்கு நாள் கொடுக்கலாம் என்றால், பிறந்த பிள்ளையைச் சாகாமல் காப்பாற்றுவதற்கும் நாள் கொடுக்கலாம்.

இடையில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பிள்ளை மொட்டைத் தலையோடு இருக்கும்போது பால்மா பக்கெட்டோடு வந்து, பிள்ளையை நடுவில் நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடுகிறவர்கள். பிள்ளையின் முகம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. தலைமுடி முளைத்த பிறகு அவர்களில் ஒருவரையும் காணோம். முடி முளைத்த பிள்ளையைப் படம் எடுத்தால் யாருக்கு இரக்கம் வரும்?

வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பேச வேண்டும். பிள்ளைக்கு வருத்தம் கடுமையாக இருந்தபோது ஒன்றாக நின்ற புருஷனும் பெண்சாதியும், பிள்ளை சுகமான பிறகு சண்டை பிடிக்கிறார்கள். ஊர் அதை ஆச்சரியமாகப் பார்க்கிறது. இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பிள்ளை பிழைக்குமோ என்று இருந்தபோது கடனை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. இப்போது அடகு வைத்த தோட்டுக்கு வட்டி, கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரர், கடைக் கொப்பி எல்லாம் ஒரே நேரத்தில் வருகின்றன. அதற்குமேல் பயம். பிள்ளை விளையாடி விழுந்து முழங்காலில் நீலம் பாய்ந்தால் தாய்க்கு நெஞ்சு நின்றுவிடும், முதல் தடவையும் நோய் அப்படித்தான் தெரிந்தது. மூக்கில் இரத்தம் வந்தால் அன்றிரவு வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் இல்லை. "வெளியில விடாத" என்று ஒருவர், "எத்தன நாளைக்கு மடியில வச்சிருப்ப" என்று மற்றவர். இருவரும் பேசுவது பாசத்தில்தான், ஆனால் கத்திக்கொண்டு பேசுகிறார்கள். லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாருக்கும் கேட்கிறது.

மூத்த பிள்ளைகளை யாரும் நினைப்பதே இல்லை. தாய் மாதக்கணக்கில் வைத்தியசாலையில் இருந்தபோது அவர்கள் அம்மாயி வீட்டில் வளர்ந்தார்கள். தங்கச்சிக்கு ஹோர்லிக்ஸ், தனக்கு வெறும் தேத்தண்ணி என்று பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தார்கள். இப்போது கடன் வந்ததும் முதலில் கொழும்புக் கடைக்குப் போகச் சொல்வது அந்த அண்ணன்காரனைத்தான். 16 வயது வரை கட்டாயக் கல்வி என்று சட்டம் இருக்கிறது. அதற்கு முன் வேலைக்கு எடுப்பதும் குற்றம். பெற்றோரைக் குற்றம் சொல்ல வரவில்லை. கிளினிக் நாளுக்குப் பேர் விழுந்திருந்தால் அந்தப் பையனின் பை இன்னும் பாடசாலை வாங்கில் இருந்திருக்கும். நாங்கள் கேட்கிற நாட்சம்பளம் ஒரு குடும்பத்தில் எங்கெல்லாம் போய்த் தொடுகிறது என்பதற்கு இது ஒன்றே போதும்.

காய்ச்சல் விஷயத்தை எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். மருந்து ஏற்றும் காலத்திலும், நிறுத்திய பிறகு சில மாதங்கள் வரையிலும் அந்தப் பிள்ளைக்கு வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் அல்ல. பனடோல் கொடுத்து விடியும்வரை பார்க்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் பிரிவில் என்ன வாகனம் இருக்கிறது? பல தோட்டங்களில் நோயாளியைக் கொண்டுபோக இன்னமும் கொழுந்து லொறிதான், அதற்கும் ஒருவர் அனுமதி கொடுக்க வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவருக்கு இந்தப் பிள்ளையின் கதை தெரியாது. தெரியவைக்கும் கடதாசி தாயின் பைக்குள் இருக்கிறது, ஆனால் அது ஆங்கிலத்தில். வாயால் சொன்ன விளக்கம் சிங்களத்தில். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் எழுதிவைத்தது. எத்தனை வருடமாயிற்று! எந்தக் குளிசை காலை, எந்தக் குளிசை இரவு, எப்போது ஓடி வர வேண்டும் என்று ஒரு பக்கம் தமிழில் அச்சடித்துக் கொடுக்க இன்னும் எத்தனை திருத்தம் வேண்டும்?

அம்மை கண்டால் மறைக்கவும் வேண்டாம். அம்மா வந்திருக்கிறாள் என்று கும்பிடுங்கள், அது உங்கள் நம்பிக்கை. ஆனால் மருந்தேற்றிய பிள்ளை இருக்கிற வீட்டுக்கு உடனே சொல்லிவிடுங்கள். மருந்துக் காலத்தில் சின்னமுத்து ஊசி போன்ற சில தடுப்பூசிகளை அந்தப் பிள்ளைக்குப் போட முடியாது. பிறகு வைத்தியர் சொல்லும் காலத்தில்தான் போட வேண்டும். ஒரே கூரை, ஒட்டிய சுவர், ஒரே பீலியில் தண்ணீர் என்று எங்களை வைத்திருப்பது யார் என்பது வேறு கதை. அதை இந்தப் பத்திரிகை ஒவ்வொரு மாதமும் எழுதுகிறது.

ஆசிரியராக நாங்கள் கண்ணால் காண்பது வகுப்பறையில். முன்பு வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் சொன்ன பிள்ளை இப்போது 7ஆம் வாய்ப்பாட்டில் நின்றுவிடுகிறது. எழுத்து கோணல் மாணலாகிறது. பென்சில் பிடித்தால் விரல் நோகிறது என்கிறது. சிலர் இதைச் சோம்பல் என்றும் செல்லம் என்றும் நினைக்கிறார்கள். இல்லை. சில மருந்துகள் விரல் நரம்பையும் கால் நரம்பையும் தாக்குகின்றன. மூளைக்குப் போகாமல் நோயைத் தடுக்கக் கொடுக்கும் சிகிச்சை சில பிள்ளைகளின் கவனத்தையும் ஞாபகத்தையும் மந்தமாக்குகிறது. அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். விட்டுப்போன வருடத்துக்காக வகுப்பைக் குறைத்துத் தம்பி வயதுப் பிள்ளைகளோடு உட்காரவைப்பது மருந்தைவிடக் கசப்பு. புலமைப்பரிசில் பெறுபேற்றைக் காட்டி வலயத்தில் பெயர் வாங்கத் துடிக்கிற பாடசாலைக்கு இந்தப் பிள்ளை ஒரு "குறைந்த புள்ளி". எங்களுக்கு அது உயிர்தப்பி வந்த மாணவி. ஆசிரியர் நண்பர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

நம்மவர்கள் வாயையும் கொஞ்சம் கட்ட வேண்டும். "தொத்து நோய், அந்தப் புள்ளையோட சாப்பிடாத" என்று சொல்கிறவர்கள் இன்னும் எங்கள் லயங்களில் இருக்கிறார்கள். புற்றுநோய் தொற்றாது. ஒரே கோப்பையில் குடித்தாலும் தொற்றாது. "வயித்துல இருக்கறப்ப தாய்க்காரி எதையோ தின்னுட்டா", "யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்று மாமியார் வீட்டில் ஒரு பேச்சு. அந்தத் தாய் மேல் எந்தப் பிழையும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த நோய் ஏன் வந்தது என்று பெரிய வைத்தியர்களாலேயே சொல்ல முடிவதில்லை. மருமகள் என்ன தின்றாள் என்று இவர்களுக்கு மட்டும் தெரிந்துவிட்டதாம்! எட்டு வயதுப் பெண்பிள்ளையைப் பார்த்து "நாளைக்கு இத யாரு கட்டுவா" என்று இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: பிள்ளைக்குக் காது கேட்கும்.

எங்கள் தோட்டங்களில் மரண சகாய சங்கம் இருக்கிறது. நல்ல சங்கம். யாராவது இறந்தால் பெட்டியில் இருந்து பந்தல் வரை பார்த்துக்கொள்ளும். மாதாமாதம் காசு கட்டுகிறோம். ஆனால் சாகாமல் திரும்பி வந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கில் ஒரு பக்கமும் இல்லை. செத்திருந்தால் காசு கிடைத்திருக்கும், பிழைத்ததால் கிடைக்காது என்ற நிலைமை எங்கள் கையிலேயே இருக்கிற ஒன்று. அதை மாற்ற கம்பனியிடம் கேட்கத் தேவையில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்: வைத்தியசாலைப் பயணத்துக்கு, கிளினிக் கொப்பியைப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு தொகை. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் போய்ப் பார்த்து என்ன உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேட்பதற்கும் தலைவரோ மாதர் சங்கத் தலைவியோ கூடப் போக வேண்டும். தனியாகப் போன தாயை "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்புவது சுலபம்.

கம்பனியிடமும் அரசாங்கத்திடமும் கேட்பவை வேறு. கிளினிக் அட்டையில் தேதி குத்தியிருந்தால், அந்த நாளுக்கும் பயண நாளுக்கும் முழுப்பேர் விழ வேண்டும். அந்த நாட்களுக்கு வருகைக் கொடுப்பனவை வெட்டக் கூடாது. அப்படிப்பட்ட தாய் அல்லது தகப்பன் கேட்டால் வீட்டுக்குக் கிட்டிய மலையில் வேலை கொடுக்க வேண்டும். இரவில் காய்ச்சல் வந்தால் வாகனத்துக்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை என்று தோட்டத்தில் எழுதி ஒட்ட வேண்டும். கேட்பது இவ்வளவுதான். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் இவையும் மேசைக்குப் போக வேண்டும். போவதற்குக் கணக்கு வேண்டும், துரைமார் கண்ணீரை நம்பமாட்டார்கள்.

ஆகவே இப்படிப் பிள்ளை உள்ள குடும்பங்கள், கிளினிக் கொப்பியின் போட்டோ பிரதியையும் அந்தந்த மாதச் சம்பளத் துண்டுகளையும் உங்கள் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். எந்தெந்த நாளுக்குப் பேர் விழவில்லை என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். எழுத முடியாதவர்களுக்குப் பாடசாலையில் நாங்கள் எழுதித் தருகிறோம், இரண்டு மணிக்குப் பிறகு வாருங்கள். பிள்ளையின் பெயரோ படமோ எந்தப் பத்திரிகையிலும் வராது.